நம்பர் தெளிவு

என் பெயர் சுருளியாண்டி என்பது சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். ஊருக்கு நான் நம்பர் ஏட்டு. முகத்துக்கு நேரே ஏட்டையா என்பார்கள், முதுகு திரும்பியதும் நம்பர் ஏட்டு. எனக்கு அதில் வருத்தம் இருந்ததில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்பதில் மோட்டார் வண்டிகளுக்குப் புதுச் சட்டம் வந்தது. எங்கள் சப் இன்ஸ்பெக்டர் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "நம்ம ரோட்டுல ஓடுறதே விரல் விட்டு எண்ணுற வண்டி, இதுக்கு இத்தனை பக்கமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம்பர் பலகை முன்னாலும் பின்னாலும் இருக்க வேண்டும், எழுத்து பளிச்சென்று தெரிய வேண்டும், அதை எதுவும் மறைக்கக் கூடாது, இருட்டினால் பின்பக்க நம்பர் மேல் விளக்கு விழ வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? மாட்டு வண்டிக்காரன் ஒருவன் யார் மேலாவது ஏற்றிவிட்டால் அவன் யார், எந்தத் தெரு, அவன் மாட்டுக்கு எந்தக் கொம்பு வளைந்திருக்கும் என்பது வரை ஊருக்குத் தெரியும். மோட்டார் வண்டி புழுதியைக் கிளப்பிவிட்டுப் போய்விடும். போனவனைப் பிடிக்க அந்தப் பலகை ஒன்றுதான் பிடி.

அதிலும் எங்கள் எல்லையில் கம்பத்துக்கும் தேனிக்கும் ஓடிய நாலு பஸ்ஸும் ஒரே முதலாளியுடையவை. நாலுக்கும் ஒரே பச்சைப் பெயின்ட், ஒரே அளவுக் கூரை, ஒரே மாதிரி ஹாரன். நம்பரை விட்டால் அவற்றைப் பிரித்துச் சொல்ல ஆண்டவனாலும் ஆகாது. ஆகவே ஆற்றுப் பாலத்து முனையில் ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டு ஒவ்வொரு வண்டியாக நிறுத்தினேன். பின்னால் தொங்கும் வைக்கோல் கட்டைத் தூக்கிக் கட்டச் சொன்னேன். சேறு அப்பியிருந்தால் கழுவாமல் விடமாட்டேன். மேகமலை எஸ்டேட் துரையின் காரையே நிறுத்தி, டிரைவரை இறக்கித் துடைக்க வைத்தேன். துரை இங்கிலீஷில் என்னவோ திட்டினார். எனக்குப் புரியாததால் வலிக்கவில்லை. பார்த்ததையெல்லாம் அங்கேயே நோட்டில் எழுதுவேன். நோட்டில் ஏறாதது நடக்காதது என்பது என் எண்ணம்.

நாற்பதாம் வருஷம் ஆயுத பூஜை வந்தது. பஸ்காரர்களுக்கு அதைவிடப் பெரிய பண்டிகை கிடையாது. வண்டியைக் கழுவி, முன்னால் வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, சக்கரம் முதல் ஸ்டீரிங் வரை சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். நம்பர் பலகைதான் வண்டிக்கு நெற்றி என்பது டிரைவர்களின் கணக்கு. அதனால் மற்ற இடத்தில் பொட்டு என்றால் அங்கே மட்டும் கை நிறைய அள்ளி அப்புவார்கள். பூஜையில் வைத்த சந்தனத்தைக் கையால் அழிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. அது காய்ந்து தானாக உதிர வேண்டும். அழித்தவனுக்கு ஆகாது என்பார்கள்.

மறுநாள் விஜயதசமி காலையில் நான் ஒரு வாளித் தண்ணீரும் பழைய துணியுமாகப் பாலத்து முனையில் போய் நின்றேன். முதல் வண்டி டிரைவர் முணுமுணுத்துக்கொண்டே துடைத்தான். இரண்டாவது ஆள் என் வம்சத்தையே மனசுக்குள் வாழ்த்தியிருப்பான், முகத்தில் தெரிந்தது. மூன்றாவது வண்டி பொன்னுராஜுடையது. அவன் கிழக்கே பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, "தப்பு இவருதுதான் தாயே, எனக்கில்ல" என்று சத்தமாகவே சொல்லிவிட்டுத் துடைத்தான். நான் நாலணா விருந்து சாப்பிட்டவனைப் போல் திருப்தியாக நின்றேன்.

நாலாவது வண்டி ஒச்சாண்டியுடையது. முப்பது வயது இருக்கும். அதிர்ந்து பேசாதவன். பின்னால் போய்ப் பார்த்தால் பலகை என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. ஒரே மஞ்சள் சதுரம், நடுவில் எலுமிச்சம்பழ அளவுக்குக் குங்குமம்.

"ஏலே, இறங்கித் தொடை."

"ஏட்டையா, இது வீரபாண்டி கௌமாரி சன்னதியில வச்சு வாங்கிட்டு வந்தது. நான் கைவைக்க மாட்டேன்" என்றான். எதிர்த்துப் பேசுகிற குரலில்லை. கெஞ்சலாகவே சொன்னான். "சட்டம் ஒங்க கையில இருக்கு. வேணுமின்னா நீங்களே தொடைச்சுக்கங்க. நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன்."

துணியை நனைத்துக்கொண்டு போனேன். பலகைக்கு அரை சாண் தூரத்தில் என் கை நின்றுவிட்டது.

என் மனைவி ராஜமணிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முன் இரண்டு. ஒன்று பிறந்த ஒன்பதாம் நாள் போனது, இன்னொன்று பிறக்கும்போதே இல்லை. மூன்றாவதாவது தங்கினால் தீச்சட்டி எடுப்பதாக அவள் அதே கௌமாரிக்குத்தான் நேர்ந்திருந்தாள். துரையின் காரை நிறுத்தத் தெரிந்தவனுக்கு அந்த மஞ்சளைத் தொடத் தைரியம் வரவில்லை. அடுத்தவன் கையால் மூன்று தடவை அழிக்கச் சொன்னவன், என் கை என்று வந்ததும் பயந்துவிட்டேன். இதை எப்படிச் சொன்னாலும் அழகாக இருக்கப் போவதில்லை.

"போ. சாயங்காலம் ஆத்துல வண்டியக் கழுவிரு" என்றேன்.

அவன் போனபிறகு நோட்டை எடுத்தேன். முதல் மூன்று வண்டிக்கும் 'சந்தனம் மறைத்திருந்தது, துடைக்கச் செய்யப்பட்டது' என்று எழுதியிருந்தேன். நாலாவதுக்கு என்ன எழுதுவது? மறைத்திருந்தது, விட்டுவிட்டேன் என்று எழுதினால் சப் இன்ஸ்பெக்டர் விடுவாரா? வெறுமனே விட்டாலும் கேட்பார். 'நம்பர் தெளிவு' என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன். சாயங்காலம் கழுவத்தான் போகிறான், அரை நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தேன்.

அன்று மத்தியானமே முழுகியது.

மறுநாள் ராயப்பன்பட்டியில் ஒரு வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீட்டுக் கல்யாணம். நமக்குத்தான் புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, அவர்களுக்குத் தடையில்லை. பெண் வீட்டாரைத் தேனியிலிருந்து ஏற்றிவர இரண்டு பஸ் பேசியிருந்தார்கள். பொன்னுராஜின் வண்டியும் ஒச்சாண்டியின் வண்டியும் அன்று மத்தியானம் கம்பத்திலிருந்து காலியாகக் கிளம்பின. பயணி கிடையாது, கண்டக்டரும் கிடையாது. இரண்டு நிமிஷ இடைவெளியில் இரண்டும் பாலத்தைத் தாண்டிப் போயின. நான் அப்போது சாப்பிடப் போயிருந்தேன்.

பாலத்திலிருந்து ஒரு மைலில் ரோட்டை ஒட்டி வாழைத் தோப்பு. அங்கே சுப்புத்தாய் களை கொத்திக்கொண்டிருந்தாள். புருஷன் செத்து நாலைந்து வருஷமானவள். ஒரே மகள் ராஜாத்தி, பதினாலு வயது. அந்தப் பெண் கஞ்சி கொண்டுவந்தவள் ரோட்டைத் தாண்டியிருக்கிறாள். முதல் பஸ் போய்விட்டது. அதன் புழுதி அடங்குமுன் இரண்டாவது வந்திருக்கிறது.

தகவல் வந்து நான் ஓடியபோது சுப்புத்தாய் ரோட்டு நடுவே மகளை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. மகளின் பாவாடையைக் கணுக்கால் வரை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சிக் கலயத்தை யாரோ எடுத்து வரப்பில் வைத்திருந்தார்கள். அது உடையவில்லை.

"வண்டி நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் தேங்குச்சு ஏட்டையா. நான் ஓடியாந்தேன். எறங்கி வருவான்னு பாத்தேன். பெறகு வெருசா எடுத்துட்டுப் போயிட்டான். எனக்கு எழுத்துத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் ஆகாது. பின்னாடி நம்பரு இருக்குமில்ல, அந்த எடத்துல சந்தனமா அப்பியிருந்துச்சு. ஒரு எழுத்துக்கூட வெளிய தெரியல. நடுவுல குங்குமம். அம்மன் மொகமாட்டம் இருந்துச்சு."

எனக்கு எந்த வண்டி என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஒச்சாண்டியைத் தவிர உலகத்தில் அது தெரிந்த இன்னொரு ஆள் நான்தான். அவளுக்கு நம்பர் தெரியாது. எனக்குத் தெரியும்.

தேனிக்கு ஆள் போனபோது இரண்டு பஸ்ஸும் சேர்ந்து நின்றன. இரண்டையும் கல்யாணத்துக்காக ஆற்றில் இறக்கிக் கழுவியிருந்தார்கள். இரண்டு டிரைவரும் ஒன்றையே சொன்னார்கள்: முன்னால் போனது நான், ரோட்டில் ஒன்றும் பார்க்கவில்லை, பின்னால் வந்தவனைக் கேளுங்கள். பொன்னுராஜ் சொன்னது உண்மை. ஒச்சாண்டி சொன்னது பொய். இருவர் மேலும் வழக்குப் பதிவானது. ஜாமீனில் வந்து இருவரும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

சப் இன்ஸ்பெக்டர் என் நோட்டைக் கேட்டார். அன்றைய பக்கத்தைப் படித்துவிட்டு, "சபாஷ், நாலுக்கும் எழுதியிருக்கியே" என்றார். "சந்தனம்கிறா அந்தப் பொம்பள. காலையிலேயே மூணுல தொடைச்சாச்சு, நாலாவதுல சந்தனமே இல்ல. அப்ப அவ எதைப் பாத்தா?"

அங்கேயே சொல்லியிருக்கலாம். ஐயா, கடைசி வரி பொய் என்று நாலு வார்த்தை. பொய்யாக எழுதியவனுக்கு முதலில் வேலை போகும். சட்டத்துக்கு விரோதமாக விட்ட வண்டி ஒரு உயிரைக் குடித்திருப்பதால் அதோடும் நிற்காது. வீட்டில் ஏழு மாத வயிறு. மென்று விழுங்கிவிட்டு சல்யூட் அடித்து வெளியே வந்தேன்.

சுப்புத்தாய் வாரத்துக்கு ஒரு தடவை பாலத்து முனைக்கு வர ஆரம்பித்தாள். சண்டை போட வரவில்லை. ஓரமாக உட்கார்ந்து நான் வண்டிகளை நிறுத்துவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டாள்.

"ஏட்டையா, நீங்க நோட்டுல எல்லாம் எழுதுவீகன்னு சொல்றாக. அன்னைக்குள்ளதும் எழுதியிருப்பீகள்ல?"

"எழுதியிருக்கேன்."

"எனக்குக் காட்டுங்களேன்."

கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருக்கலாம். அவள் கேட்ட விதத்தில் என்னால் மறுக்க முடியவில்லை. பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். நாலு வரிகளையும் கூர்ந்து பார்த்தாள்.

"இதுல எதுய்யா அந்த வண்டி?"

என் விரல் நாலாவது வரிக்குப் போனது. ஏன் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. 'நம்பர் தெளிவு' என்ற அந்தப் பொய்யின் மேல் அவள் தன் விரலை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இது போதும்" என்றாள். "நீங்க எழுதிட்டீகன்னா யாரு மாத்த முடியும்? நான் படிக்காதவ, என் பேச்சு எடுபடாது. ஒங்க நோட்டு எடுபடும்."

அவள் போனபிறகு அன்று நான் ஒரு வண்டியையும் நிறுத்தவில்லை.

ஒச்சாண்டி மட்டும் தானாக நிறுத்துவான். வண்டியை விட்டு இறங்கி, பின்னால் போய், துண்டை எடுத்துப் பலகையைத் துடைப்பான். அழுக்கே இருக்காது. துடைத்துக்கொண்டே இருப்பான். என் முகத்தைப் பார்க்கமாட்டான், நானும் அவனைப் பார்க்கமாட்டேன். பயணிகள் உள்ளேயிருந்து சத்தம் போட்டபிறகு ஏறிப் போவான்.

மார்கழியில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஒன்பதாம் நாள் கடந்தது, முப்பதும் கடந்தது. நல்ல பால்குடி. மாசியில் கோர்ட்டுக்குச் சம்மன் வந்த அன்று ராஜமணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொம்பளைக்கும் அது பிள்ளைதான, சொல்லிருங்க" என்றாள் முதலில். கொஞ்ச நேரம் கழித்து, "சொன்னா வேலை போயிருமா?" என்று கேட்டாள்.

"போகும். ஜெயில்கூட வரலாம்."

அவள் குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் சொல்லாததை எனக்கு வேண்டியபடி அர்த்தம் பண்ணிக்கொண்டு, விசாரணை நாளன்று கிளம்பினேன்.

கோர்ட்டில் சுப்புத்தாய் தெளிவாகச் சொன்னாள். வக்கீல் மிரட்டியும் பிறழவில்லை. சந்தனம் அப்பியிருந்தது, ஒரு எழுத்தும் தெரியவில்லை, அந்த வண்டிதான் என் பிள்ளையை அடித்தது. சொல்லிவிட்டுக் கூண்டிலிருந்து இறங்கும்போது என் பக்கம் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். இனி உங்கள் பொறுப்பு என்பதுபோல இருந்தது.

ஒச்சாண்டியின் வக்கீல் என் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏட்டு, அன்று காலை நாலு பஸ்ஸையும் நீரே சோதித்தீரா?"

"சோதித்தேன்."

"மூன்றில் சந்தனம் இருந்தது. உம் கண் முன்னாலேயே துடைத்தார்கள்."

"ஆமாம்."

"நாலாவது, ஒச்சாண்டி ஓட்டியது. நம்பர் தெளிவு என்று எழுதியிருக்கிறீர். இது உம் கையெழுத்துத்தானே?"

"என் கையெழுத்துத்தான்."

"பலகை தெளிவாகத்தான் இருந்ததா?"

மேஜிஸ்ட்ரேட் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். சுப்புத்தாய் சுவரோரம் நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு என் குழந்தையின் எண்ணெய் வாசனை நினைவுக்கு வந்தது.

"தெளிவாக இருந்தது."

வக்கீல் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. மேஜிஸ்ட்ரேட் தீர்ப்புச் சொன்னார்: விஜயதசமி காலைக்குப் பிறகு எந்த பஸ்ஸிலும் சந்தனம் இல்லை. ஆகவே சந்தன வண்டி என்று ஒன்று இல்லை. அந்தம்மாள் துக்கத்தில் எதையோ பார்த்திருக்கிறாள். யார் அடித்தது என்று சொல்ல வழியில்லாததால் இருவருக்கும் விடுதலை. நம்பர் தெரிய வேண்டும் என்று நான் காட்டிய கண்டிப்பெல்லாம் சேர்ந்து அவள் வாயை அடைத்துவிட்டது. நான் ஒழுங்கில்லாத ஏட்டாக இருந்திருந்தால்கூட அவள் பேச்சை நம்பியிருப்பார்கள்.

கூட்டம் கலைந்தது. மேஜிஸ்ட்ரேட் உள்ளே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலுக்கு வந்தபோது சுப்புத்தாய் எதிரே வந்து நின்றாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். தூற்றட்டும் என்றும் நினைத்தேன். கைகளைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"ஏட்டையா, அந்த நாலாவது வண்டியில சந்தனமே இல்லையா?"

"இல்ல."

"அன்னைக்கு எனக்குக் காட்டுனீகளே, அந்த நோட்டுல அப்படித்தான் எழுதியிருக்கா?"

"ஆமா."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "அப்ப நாந்தான் தப்பாப் பாத்திருக்கேன். பிள்ள அப்படிக் கெடக்கையில என் கண்ணு எதைக் கண்டுச்சோ. நீங்க எழுதினது தப்பா இருக்காதுய்யா. இத்தனை நாளும் மனசுல அந்த மஞ்சளத்தான் வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்."

அவள் என்னைத் தாண்டிப் போனாள். தூணோரம் ஒச்சாண்டி நின்றிருந்தான். விடுதலையானவன் முகமாக அது இல்லை. அவள் நேராக அவனிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"தம்பி, பிள்ளையப் பறிகொடுத்த கோட்டியில ஒன்னையச் சொல்லிப்புட்டேன். ஒரு பாவமும் அறியாத ஒன்னையக் கொண்டாந்து கூண்டுல நிறுத்திப்புட்டேன். மனசுல வச்சுக்கிறாத."

ஒச்சாண்டி அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தான். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு ஓவென்று அழுதான். சுற்றி நின்றவர்கள், வீண் பழி சுமந்தவன் அழாமல் என்ன செய்வான் என்றார்கள். அவன் அழுகைக்கு நடுவே தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். நீ முதலில் சொல், நானும் சொல்லிவிடுகிறேன் என்று அந்தப் பார்வை கேட்டது.

சுப்புத்தாய் அவன் பக்கத்தில் குந்தி, முதுகைத் தடவிக்கொடுத்தாள். "அழாதப்பா. நீ பிள்ளகுட்டிக்காரன். வீட்டுல தேடுவாக, எந்திரிச்சுப் போ" என்றாள்.

நான் பத்தடி தூரத்தில் உடுப்போடு நின்றேன். உள்ளே மேஜிஸ்ட்ரேட் இன்னும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. வாயைத் திறக்க எனக்கு அப்போதும் நேரம் இருந்தது.